குனூத்தின் டெக்: வாசிப்பதற்காகவே நிறுவ வேண்டிய மென்பொருள்

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு மதிப்புரைகள் ஏராளம். கணிதம் அழகாக வரும், ஆய்வேட்டுக்கு வசதி, பழகத்தான் நாளாகும் என்று பெரும்பாலும் அவை முடிந்துவிடும். இந்த மதிப்புரை அதே டெக்கை நிரலரின் கண்ணோடு பார்க்கிறது. டெக்கின் மூலநிரல், அதைச் சோதிக்கும் கோப்புகள், அதில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளின் பதிவேடு மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினித் துறையின் முன்னோடி ஒருவர் எப்படி யோசித்தார், எங்கே சறுக்கினார், சறுக்கியதை எப்படித் திருத்தினார் என்று இவ்வளவு விரிவாகக் காட்டும் தொகுப்பு கிடைப்பது அரிது. அதை எப்படி இறக்குவது, எந்த வரிசையில் வாசிப்பது, எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். கடைசி எழுத்து கிரேக்கத்தின் 'கை'. ஆகவே 'டெக்ஸ்' என்று நீட்டாமல் 'டெக்' என்று நிறுத்த வேண்டும். எழுதியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்டு குனூத், 1974-இல் டூரிங் விருது பெற்றவர். நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக 1977-இல் வந்த மெய்ப்புத் தாள்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஈய எழுத்தில் அச்சான பழைய பதிப்பின் அழகு, புதிய ஒளி அச்சுக்கோப்பில் காணாமல் போயிருந்தது. எழுத்துகளைப் பக்கத்தில் அடுக்குவது கடைசியில் ஒரு நிரலாக்கக் கணக்குதானே என்று தாமே இறங்கினார். 1977 மே 13 தேதியிட்ட வடிவமைப்புக் குறிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ஓராண்டு வேலை என்று நினைத்தது ஏறத்தாழப் பத்தாண்டு ஆனது. முதல் டெக் செயில் என்ற மொழியில் 1978-இல் ஓடியது. அதை ஒதுக்கிவிட்டு, பாஸ்கல் மொழியை அடிப்படையாகக் கொண்டு, விளக்கத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் பின்னி எழுதும் வெப் முறையில் அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதியதே டெக்82. இன்று நாம் வாசிப்பது அதன் வழிவந்த நிரல்தான். இப்போதைய பதிப்பு எண் 3.141592653.

எதை இறக்குவது

டெக்கையும் அதன் துணைக் கருவிகளையும் ஒன்றாகத் தரும் டெக் லைவ் தொகுப்பின் முழு நிறுவல் 7 முதல் 8 ஜிபி வரை வட்டில் இடம் பிடிக்கும். வாசிப்பதற்கு அவ்வளவும் தேவையில்லை. ஆனால் வெப் கோப்பை வாசிக்கத்தக்க ஆவணமாக்கும் வீவ், அதிலிருந்து பாஸ்கல் நிரலைப் பிரித்தெடுக்கும் டேங்கிள், எழுத்துரு அளவுக் கோப்பை உருவாக்கும் பிஎல்-டு-டிஎஃப், டெக்கின் பக்க வெளியீட்டை எழுத்தாக்கிக் காட்டும் டிவிஐ-டைப் ஆகிய நான்கு சிறு கருவிகள் கட்டாயம் வேண்டும். லினக்ஸில் அடிப்படைத் தொகுப்பை மட்டும் நிறுவினால் இவை விடுபட்டுப்போகலாம். இடமிருந்தால் முழு நிறுவலே தலைவலி இல்லாத வழி.

மூலநிரல், டெக் தொடர்பான கோப்புகளைத் திரட்டி வைக்கும் சிடான் இணையக் களஞ்சியத்தில் குனூத்தின் பெயரிலேயே உள்ள அடைவில் இருக்கிறது. அதன் 'டெக்' உள்ளடைவில் டெக்.வெப் என்ற ஒரே கோப்பு, ஏறத்தாழ 25,000 வரி. டிரிப் என்று தொடங்கும் சோதனைக் கோப்புகளும் அங்கேயே உள்ளன. 'எர்ராட்டா' உள்ளடைவில் பிழைப் பதிவேடு. 'லிப்' உள்ளடைவில் வெப்மேக் என்ற மேக்ரோ கோப்பு.

டெக்.வெப் கோப்பை அப்படியே எடிட்டரில் திறந்து வாசிக்கத் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் சலிப்புத் தட்டிவிடும். விளக்கமும் நிரலும் கட்டுப்பாட்டுக் குறிகளும் பின்னிக் கிடக்கும். அதை வீவ் கருவிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் டெக்.டெக் என்ற கோப்பு வரும். அதை டெக்கில் ஓட்டினால் 500 பக்கத்துக்கு மேற்பட்ட, முறையாக அச்சுக்கோத்த ஆவணம் கிடைக்கும். ஒவ்வொரு கூறின் அடியிலும் அது எங்கே பயன்படுகிறது என்ற குறுக்குக் குறிப்பு, கடைசியில் எல்லா மாறிகளுக்கும் அகரவரிசைச் சொல்லடைவு. வீவ் கட்டளையில் பி (-p) என்ற விருப்பக்கொடியைச் சேர்த்து, வந்த கோப்பைப் பிடிஎஃப்-டெக்கில் ஓட்டினால் குறுக்குக் குறிப்புகள் சொடுக்கக்கூடிய இணைப்புகளாகிவிடும். திரையில் வாசிக்கிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூலநிரலில் செய்யும் மாற்றங்களைத் தனியே எழுதி வைத்த மாற்றக் கோப்பு ஒன்று டெக் லைவ் மூலத்தில் இருக்கும்; அதையும் சேர்த்து வீவ் கருவிக்குக் கொடுத்தால், மாற்றப்பட்ட கூறுகள் மட்டுமே அச்சாகும், மற்றவை மறைந்துவிடும். மாற்றக் கோப்பின் தலைப்பகுதியிலேயே அப்படி ஒரு கட்டளை இருப்பதுதான் காரணம். பாதி ஆவணம் காணவில்லை என்று தேடாமல், முதல் வாசிப்புக்கு டெக்.வெப் கோப்பை மட்டும் கொடுங்கள். இன்னொன்று: டேங்கிள் உமிழும் பாஸ்கல் கோப்பையோ, அதிலிருந்து தானாக மொழிபெயர்க்கப்படும் சி நிரலையோ வாசிக்க முயல வேண்டாம். குறிப்புரைகள் உதிர்ந்து, பெயர்களின் அடிக்கோடுகள் போய், கம்பைலருக்காக மட்டும் நெருக்கி அடுக்கப்பட்ட எழுத்துகள் அவை.

எந்த வரிசையில் வாசிப்பது

மொத்தம் 55 பாகங்கள், 1380 கூறுகள். ஒரு கூறு என்பது பெரும்பாலும் ஒரு பத்தி விளக்கமும் அதன்கீழ் பத்துப் பன்னிரண்டு வரி நிரலும். நாளுக்கு 20 கூறு வீதம் 69 நாளில் முடியும். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை நேர்க்கோட்டில் போவதை நாம் பரிந்துரைக்கவில்லை. எழுத்துருக் கோப்புகளையும் கணிதப் பட்டியல்களையும் பற்றிய நடுப்பாகங்களில் ஆர்வம் வற்றிவிடும்.

1 முதல் 16 வரை உள்ள கூறுகளில் தொடங்குங்கள். 11-ஆம் கூறில் நிரலின் எல்லைகள் எல்லாம் மாறிலிகளாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும்: நினைவக அணிக்கு 30,000, உள்ளீட்டு வரிக்கு 500, பதிவுக் கோப்பின் வரி அகலத்துக்கு 79. டெக் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த 79 நன்றாகத் தெரிந்த தொல்லை. பதிவுக் கோப்பில் நீண்ட கோப்புப் பெயர்கள் நடுவில் ஒடிந்து, பிழையைத் தேடித் தரும் கருவிகள் குழம்புவது இதனால்தான். டெக் லைவ் இன்றும் அதே எண்ணை இயல்பாக வைத்திருக்கிறது. மேக்ஸ்-பிரிண்ட்-லைன் என்ற சூழல் மாறியை 1000 ஆக்கினால் தொல்லை தீரும்.

அடுத்து 14-ஆம் கூறு. கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடிய சிறிய கூறு, ஆனால் நாளையே உங்கள் நிரலில் எடுத்து வைக்கக்கூடிய பழக்கம் அதில் இருக்கிறது. நிரல் தொடங்கியதும், வேறு எந்த வேலைக்கும் போகுமுன், தன் மாறிலிகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்கிறது. பிழைச் செய்தி வரியின் அகலம் அதன் பாதி அகலத்தோடு பொருந்துகிறதா, நினைவகத்தின் கீழ் எல்லை மேல் எல்லையோடு ஒத்துவருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறினால் 'பேட்' என்ற மாறியில் அந்தத் தவறுக்குரிய எண்ணை வைக்கும். பிறகு 1332-ஆம் கூறில் முதன்மை நிரல் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பயனர் ஒருவர் அமைப்புக் கோப்பில் இரண்டு எண்களைப் பொருந்தாமல் மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து எங்கோ ஒரு மூலையில் நினைவகம் சிதையும்போது காரணம் தெரியாமல் தவிப்பதை இந்தச் சில வரிகள் தடுக்கின்றன.

72-ஆம் கூறில் தொடங்கும் பிழை அறிவிப்புப் பாகத்தை நிதானமாக வாசியுங்கள். டெக் நின்றுபோகும் விதங்கள் மூன்று தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 93-ஆம் கூறு மேற்கொண்டு போக வழியில்லாத நிலைக்கு. 94-ஆம் கூறு பயனர் கேட்டது கொள்ளளவை மீறியதற்கு; எந்த அட்டவணை நிரம்பியது, அதன் அளவு என்ன என்று சொல்லும். 95-ஆம் கூறு நடக்கவே கூடாத ஒன்று நடந்துவிட்டதற்கு, அதாவது பழி நிரலை எழுதியவர் மீது. இந்த மூன்றையும் ஒரே வகை எக்ஸெப்ஷனாக எறிந்துவிட்டு, லாக்கைப் பார்த்து யார் தவறு என்று ஊகிக்கும் நிரல்கள்தான் இன்று அதிகம். 95-ஆம் கூறில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதற்கு முன்னால் பயனரின் பிழை ஏதாவது பதிவாகியிருந்தால் டெக் தன்மேல் முழுப் பழியையும் போட்டுக்கொள்ளாது. முந்தைய பிழையின் பாதிப்பாக இருக்கலாம், அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள் என்று கேட்கும். முன்பு பிழையே இல்லையென்றால்தான் இதைத் திருத்தத் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று சொல்லும். ஒரே பத்தியில் 100 பிழைகள் சேர்ந்தால் ஓட்டம் நிற்கும். பத்தி முடிந்தால் எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கு வரும்.

99 முதல் 108 வரை உள்ள கணக்குப் பாகம்தான் நம் பார்வையில் இந்த நிரலின் மணிமகுடம். டெக் எல்லா நீளங்களையும் ஒரு பாயின்ட்டின் 65,536-இல் ஒரு பங்கு என்ற முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. ஓர் அங்குலம் 72.27 பாயின்ட். வரியை எங்கே முறிப்பது, பக்கத்தை எங்கே வெட்டுவது என்ற எந்த முடிவிலும் மிதவைப் புள்ளி எண் தலையிடுவதில்லை. 1980-களின் கணினிகளில் மிதவைப் புள்ளிக் கணக்கு ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே இடத்தில் வரி முறிய வேண்டும் என்றால் முழு எண்ணே வழி. வரியின் இடைவெளிகளை நீட்டும் விகிதம் மட்டும் மிதவைப் புள்ளியில் இருக்கிறது. முடிவுகள் எல்லாம் எடுத்த பிறகே அது வேலைக்கு வருவதால், அதன் சிறு வேறுபாடு எந்த முடிவையும் மாற்றாது.

108-ஆம் கூறில் உள்ள 'பேட்னஸ்' செயற்கூறைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு வரியின் அழகின்மையை அளக்கும் கணக்கு இது: தேவைப்படும் நீட்சியை, இருக்கும் நெகிழ்வால் வகுத்து, மும்மடியாக்கி, 100-ஆல் பெருக்க வேண்டும். 32 பிட் முழு எண்ணில் வழியாமல் இதைச் செய்வது எப்படி? குனூத் முதலில் நீட்சியை 297-ஆல் பெருக்கி, நெகிழ்வால் வகுக்கிறார். ஏன் 297? அதன் மும்மடி ஏறத்தாழ 99.94 பெருக்கல் 2-இன் 18-ஆம் அடுக்கு. ஆகவே கடைசியில் மும்மடியை 2-இன் 18-ஆம் அடுக்கால் வகுத்தால் 100-ஆல் பெருக்கிய விடை தானாக வந்துவிடும். வகுக்குமுன் 2-இன் 17-ஆம் அடுக்கைக் கூட்டுவது முழு எண்ணாக வட்டப்படுத்துவதற்கு. நீட்சி 7,230,584-ஐத் தாண்டினால் 297-ஆல் பெருக்கும்போதே எண் வழிந்துவிடும். அதனால் அப்போது நெகிழ்வை 297-ஆல் வகுத்துக்கொள்ளும் மாற்றுப் பாதை. இடைவிடை 1290-ஐத் தாண்டினால் நேராக 10,000 என்ற உச்ச மதிப்பு, ஏனென்றால் 1290-இன் மும்மடி 2-இன் 31-ஆம் அடுக்குக்குச் சற்றுக் கீழே, 1291-இன் மும்மடி சற்று மேலே. இந்தக் காரணம் நிரலிலேயே குறிப்பாக இருக்கிறது. காரணமில்லாமல் நிரலில் கிடக்கும் எண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒவ்வோர் எண்ணும் தன் சான்றோடு நிற்பது பெரிய நிறைவு.

அங்கிருந்து 813 முதல் 890 வரை உள்ள பத்தி முறிப்புப் பாகங்களுக்குத் தாவலாம். குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு போகாமல், பத்தி முழுவதற்கும் சேர்த்து மிகக் குறைந்த தண்டனைப் புள்ளி வரும்படி முறிவுகளைத் தேர்ந்தெடுக்கும் டைனமிக் புரோகிராமிங். வாசிப்பதோடு ஓட்டியும் பாருங்கள். அடிப்படை மேக்ரோக்கள் மட்டும் கொண்ட பிளெய்ன் டெக்கில் ட்ரேசிங்-பாராகிராஃப்ஸ் என்ற அளவுருவை 1 ஆக்கி, பக்க அகலத்தை 3 அங்குலமாகக் குறைத்து, ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுங்கள். பதிவுக் கோப்பில் ஒவ்வொரு முறிவுக்கும் பி (b), பி (p), டி (d) என்று மூன்று மதிப்புகள் வரும்: அழகின்மை, முறிவுக்கான அபராதம், மொத்தத் தண்டனை. அழகின்மை 12, அபராதம் 0 என்றால் தண்டனை 10-ஐக் கூட்டி வர்க்கம் எடுத்து 484. கையில் போட்ட கணக்கைவிடச் சரியாக 10,000 கூடுதலாக இருந்தால் நிரல் தவறு என்று நினைக்க வேண்டாம். அடுத்தடுத்த வரிகளில் ஒன்று நெருக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருப்பதற்கான கூடுதல் தண்டனை அது. அல்லது தொடர்ந்து இரண்டு வரிகள் இடைக்கோட்டில் முடிந்திருக்கும்.

கடைசியாக 1029-ஆம் கூறில் தொடங்கும் முதன்மைக் கட்டுப்பாடு. எழுத்துகளைச் சொற்களாக்கும் உள்சுழல் இங்கே இருக்கிறது. கோட்டூ கட்டளைகள் நிறைந்து, முதலில் பார்க்க அச்சமூட்டும். சொல்லடைவில் 'இன்னர் லூப்' என்ற தலைப்பைத் தேடுங்கள். நேரம் அதிகம் செலவாகும் கூறுகளின் எண்கள் அங்கே மட்டும் பட்டியலாக இருக்கும். கையால் செதுக்கி வேகப்படுத்தியது அந்தச் சில இடங்களைத்தான். மற்ற இடங்களில் தெளிவே முதன்மை. சொல்லடைவில் 'சிஸ்டம் டிபெண்டன்சீஸ்', 'டர்ட்டி பாஸ்கல்' என்ற தலைப்புகளும் உண்டு. இன்னொரு கணினிக்கு மாற்றும்போது தொட வேண்டிய இடங்கள் முதலாவதில்; மொழியின் விதியை வளைத்த இடங்கள் இரண்டாவதில். உங்கள் குழுவின் நிரலிலும் இப்படி மூன்று குறிச்சொற்களை வைத்துத் தேடக்கூடியதாக்கலாம். அதற்கு வெப் முறையெல்லாம் வேண்டியதில்லை.

டிரிப் சோதனை

ஒரு நிரல் தன்னை டெக் என்று அழைத்துக்கொள்ள வேண்டுமானால் டிரிப் சோதனையில் தேற வேண்டும். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேலை இப்படிப் போகும். டிரிப்.பிஎல் கோப்பைப் பிஎல்-டு-டிஎஃப் மூலம் எழுத்துரு அளவுக் கோப்பாக்க வேண்டும். டெக்கைத் தனி மாறிலிகளோடு கட்ட வேண்டும்: நினைவகத்தின் மேல் எல்லை 3000, பிழை வரி அகலம் 64, அதன் பாதி 32, அச்சு வரி 72, கூடவே டீபக் பகுதியும் புள்ளிவிவரப் பகுதியும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் டிரிப்.டெக் கோப்பைக் கொடுத்தால், மேக்ரோக்களை முன்கூட்டியே ஏற்றிச் சேமித்த வடிவக் கோப்பு உருவாகும். இரண்டாம் ஓட்டத்தில் அந்த வடிவக் கோப்பை ஏற்றி அதே டிரிப்.டெக் கோப்பை மறுபடி ஓட்ட வேண்டும். வந்த பதிவுக் கோப்பு, திரை வெளியீடு, டிவிஐ-டைப் மூலம் எழுத்தாக்கிய பக்க வெளியீடு ஆகியவற்றைக் குனூத் தந்திருக்கும் கோப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். தேதி, நிறுவலின் பெயர், நீட்சி விகிதத்தின் கடைசி இலக்கம் போன்ற சில வேறுபாடுகளுக்கு மட்டுமே அனுமதி.

இவ்வளவும் கையால் செய்யச் சிரமமாக இருந்தால் டெக் லைவின் மூலத்தை இறக்கி, கட்டி, 'மேக் செக்' கொடுங்கள். டிரிப் சோதனையும் அதில் சேர்ந்து ஓடும். சாதாரணமாக நிறுவிய டெக்கில் டிரிப்.டெக் கோப்பை ஓட்டினால் ஒப்பீடு தாறுமாறாகத்தான் வரும். மாறிலிகள் வேறு என்பதே காரணம்; அதைப் பிழை என்று எண்ணிப் பொழுதைப் போக்க வேண்டாம்.

டிரிப்.டெக் கோப்பைத் திறந்து பாருங்கள். யாரும் எழுதமாட்டாத, அர்த்தமே இல்லாத ஆவணம் அது. நிரலின் மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, தன் நிரலுக்குத் தானே எதிரியாக மாறி அவர் எழுதியது. பயனர் எழுதக்கூடிய உள்ளீட்டை வைத்துச் சோதிப்பதுதான் நம் வழக்கம். அது நன்றாக நடந்த பாதைகளையே திரும்பத் திரும்ப மிதிக்கும். வெளியீட்டை மட்டும் பார்க்காமல் உள்நிலையின் தடயங்கள் நிறைந்த பதிவுக் கோப்பு முழுவதையும் எதிர்பார்ப்பாக வைப்பது அடுத்த பாடம். பக்கம் சரியாக வந்து, உள்ளே நினைவகம் மட்டும் கசிந்திருந்தாலும் பிடிபடும். குறையும் உண்டு. எல்லாம் ஒரே நீண்ட ஓட்டம் என்பதால், நடுவில் ஒரு தவறு நேர்ந்தால் அதன்பின் நூற்றுக்கணக்கான வரிகள் மாறிவிடும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். ஒப்பீட்டில் முதல் வேறுபாட்டை மட்டும் பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவதே வழி. இன்றைய நிரலுக்குச் சிறு சிறு அலகுச் சோதனைகளை வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் இப்படி ஒரு கொடுஞ்சோதனையையும் சேர்ப்பது நல்லது.

பிழைப் பதிவேடு

மூன்றில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். 1978 மார்ச்சில் முதல் டெக்கைச் சோதிக்கத் தொடங்கியது முதல், செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் குனூத் எழுதி வைத்தார். 1989-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது 850-க்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றும் 15 வகைகளில் ஒன்றாக எழுத்திட்டுக் குறிக்கப்பட்டது. ஒன்பது வகை உண்மையான பிழைகள்: அல்காரிதமே தவறு, கவனக்குறைவு, தரவுக் கட்டமைப்பு சிதைவு, செய்ய மறந்த வேலை, மொழியின் இடறல், கூறுகளுக்கிடையே பொருத்தமின்மை, உறுதிக் குறைவு, எதிர்பாராத சூழல், தட்டச்சுத் தவறு. மற்ற ஆறும் மேம்பாடுகள்: துப்புரவு, வேகம், பொதுமையாக்கம், பயனரோடு உரையாடல், பிற கணினிக்கு மாற்றும் வசதி, தரம்.

இந்த வகைப்பாட்டை ஒரு குழு நாளையே தன் பிழை மேலாண்மைக் கருவியில் வைத்துக்கொள்ளலாம். முன்னுரிமை, தீவிரம் என்ற வழக்கமான இரண்டு குறிகளும் எதை முதலில் திருத்துவது என்று மட்டுமே சொல்லும். குனூத்தின் எழுத்துகள் ஏன் நேர்ந்தது என்று சொல்கின்றன. மூன்று மாதப் பதிவில் 'கூறுகளுக்கிடையே பொருத்தமின்மை' குவிந்திருந்தால் இடைமுக விவரிப்பு தெளிவாக இல்லை. 'செய்ய மறந்த வேலை' குவிந்திருந்தால் வடிவமைப்பை அவசரமாக முடித்திருக்கிறோம். 'எதிர்பாராத சூழல்' மட்டுமே மிஞ்சுகிறது என்றால் நிரல் முதிர்ந்துவருகிறது. ஒரு வேலை: பதிவேட்டின் முதல் ஐம்பது பதிவுகளையும் கடைசி ஐம்பதையும் எடுத்து, எழுத்துகளை எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிரலுக்கு வயதாவது எப்படி என்று கண்ணால் காணலாம்.

பிழை கண்டவர்களின் பெயர்களும் பதிவேட்டில் உண்டு. நூல்களில் பிழை கண்டால் 2.56 டாலர், அதாவது 256 சென்ட், பதினாறடிமான முறையில் ஒரு டாலர். டெக் நிரலில் பிழை கண்டால் கிடைக்கும் பரிசு படிப்படியாக இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. 2-இன் 15-ஆம் அடுக்கு சென்ட். காசோலை மோசடிக்குப் பயந்து 2008 முதல் காசோலைக்குப் பதிலாகக் கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழைத் தருகிறார்.

எதை விட்டுவிடுவது

முன்னோடி எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டாம். டெக்கின் மாறிகளில் பெரும்பகுதி குளோபல். நினைவகம் முழுவதும் ஒரே பெரிய அணி; அதற்குள் கணுக்களைத் தாமே ஒதுக்கி, தாமே விடுவித்துக்கொள்கிறார். அன்றைய பாஸ்கல் கம்பைலர்களின் நினைவக ஒதுக்கீட்டை நம்ப முடியாத சூழலில் அது சரியான முடிவு. இன்று அதை நகலெடுத்தால் மொழி இலவசமாகத் தரும் பாதுகாப்பைத் தூக்கி எறிவதாகும். வெப் முறையில் மாறிப் பெயர்கள் முதல் ஏழு எழுத்துகளிலேயே வேறுபட வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்துக் கம்பைலர்களுக்காக வந்ததே.

விளக்கவுரையோடு பின்னி நிரல் எழுதும் முறையைக் குழுவுக்குப் பரிந்துரைக்கலாமா? ஒருவர் தனியாக எழுதி, பல ஆண்டு காக்கும் நிரலுக்கு அது அருமை. பத்துப் பேர் நாளுக்குப் பத்து முறை மாற்றும் நிரலில், கூறுகளை இடம் மாற்றுவதும், டீபக்கரில் வரி எண்ணைப் பொருத்துவதும், எடிட்டரின் உதவி கிடைக்காததும் சேர்ந்து வேலையை இழுத்துவிடும். 1986-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரலைக் கணினி இதழ் ஒன்றின் பத்திக்காகக் குனூத் வெப் முறையில் எழுதினார். பல பக்கம் நீண்ட, தனக்கென ஒரு தரவுக் கட்டமைப்போடு கூடிய அழகான நிரல். அதை மதிப்பிட்ட யூனிக்ஸ் முன்னோடி டக் மெக்கில்ராய், அதன் நுட்பத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆறு கட்டளைகளைக் குழாய்த்தொடராக எழுதிக் காட்டினார். இருவர் சொன்னதும் சரி. குனூத்தின் நிரலை வாசிக்கிறவருக்கு ஒரு தரவுக் கட்டமைப்பு பாடமாகக் கிடைக்கிறது. மெக்கில்ராயின் வரிகள் மாலைக்குள் விடையைத் தருகின்றன. எந்த வேலை எந்த வகை என்று பிரித்தறிய இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும்.

மாற்றக் கோப்பு முறையை மட்டும் மனதில் ஆழமாகப் பதியவைத்துக்கொள்ளுங்கள். டெக்.வெப் கோப்பைக் குனூத்தைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு நிறுவலும் தன் மாற்றங்களைத் தனிக் கோப்பில், பழைய வரிகள், புதிய வரிகள் என்று இணை இணையாக எழுதுகிறது. பழைய வரிகள் மூலத்தோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும், அதுவும் மூலத்தில் வரும் அதே வரிசையில். பொருந்தாவிட்டால் டேங்கிள் உடனே சொல்லிவிடும். மூலம் புதுப்பிக்கப்படும்போது எந்த மாற்றம் உடைந்தது என்று அப்போதே தெரியும். டெக்கின் விரிவாக்கமான இ-டெக் பிறந்தது இப்படி ஒரு மாற்றக் கோப்பாகத்தான். மூலத்தைத் தாமே கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃப்ரீ பாஸ்கலுக்கான மாற்றக் கோப்புகளும் சிடானில் உள்ளன. அங்கே வழக்கமாக இடறும் இடம் டெக்கின் செய்திச் சரங்களைச் சேர்த்து வைக்கும் சரக்களஞ்சியக் கோப்பான டெக்.பூலின் பாதை. மூலத்தில் அது சரியாக 40 எழுத்து நீளம். குறைந்த இடத்தை வெற்றிடங்களால் நிரப்பியிருப்பார். பாதையை மாற்றிவிட்டு நீளத்தைச் சரிசெய்ய மறந்தால் கம்பைலர் மறுக்கும், அல்லது டெக்.பூல் கோப்பை வாசிக்க முடியவில்லை என்று நிரல் நின்றுவிடும்.

தமிழில் அச்சுக்கோக்கவும் இதையே பயன்படுத்தலாமா என்ற கேள்வி வரும். குனூத்தின் டெக்கில் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான், யூனிகோடு தெரியாது. தமிழுக்கு அதன் வழித்தோன்றல்களான ஸீ-டெக், லுவா-டெக் வேண்டும். ஸீ-டெக்கில் எழுத்துருவுக்குத் தமிழ் என்று எழுத்துமுறையைக் குறிப்பிட்டால் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். லேடெக் என்ற மேக்ரோத் தொகுப்பை லுவா-டெக்கில் ஓட்டும் லுவா-லேடெக்கில், எழுத்துகளை இணைத்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. நம் சொற்கள் நீளமானவை. முறிவு விதிகளை ஏற்றாவிட்டால் வரிகளில் பெரிய ஓட்டைகள் விழும். தமிழுக்கான முறிவு விதிகள் டெக் லைவிலேயே இருக்கின்றன. தமிழ் அச்சில் முறிவுக்கு இடைக்கோடு போடும் வழக்கம் இல்லாததால், அகலமற்ற எழுத்து ஒன்றை இடைக்கோட்டு எழுத்தாக அமைக்க வேண்டும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வாசிக்கும்போது நிரலில் பிழை கண்டதாகத் தோன்றினால், முதலில் எர்ராட்டா அடைவின் பதிவேட்டில் அந்தக் கூறின் எண்ணைத் தேடுங்கள். பிறகு பிளெய்ன் டெக்கில் மட்டும் ஓடும் மிகச் சிறிய உள்ளீடாகச் சுருக்குங்கள். லேடெக் தொகுப்பு எதுவும் கலந்திருக்கக் கூடாது. வரும் அறிக்கைகளைத் தன்னார்வலர்கள் சலித்துச் சேர்த்து வைப்பார்கள். குனூத் அவற்றை மொத்தமாகத்தான் பார்ப்பார்: முன்பு 2008-இல், 2014-இல், 2021-இல். இடைவெளி ஒவ்வொரு முறையும் ஓராண்டு கூடுகிறது. அடுத்த முறை 2029.